கறுப்புத் திரையில் கன்ட்ரோல்-சி காப்பி எடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மாணவர் பக்கத்தில் கீபோர்டு ஷார்ட்கட் பட்டியல் ஒன்று போட்டிருந்தீர்கள். கன்ட்ரோல்-சி காப்பி, கன்ட்ரோல்-வி பேஸ்ட், கன்ட்ரோல்-எஸ் சேவ், கன்ட்ரோல்-இசட் செய்ததை ரத்து செய்ய, கன்ட்ரோல்-ஏ எல்லாவற்றையும் செலக்ட் செய்ய என்று கட்டம் கட்டி, கலர் அடித்து. எங்கள் தெருவில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் பையன் அதைக் கத்தரித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டியே வைத்துவிட்டான். வேர்டு, எக்செல், பிரவுசர் வரைக்கும் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மேலே ‘கம்ப்யூட்டரில் எங்கும் பயன்படும்’ என்று தலைப்பு கொடுத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கட்டளைகளை டைப் செய்தே வேலை வாங்கும் கமாண்ட் லைன் (டெர்மினல் என்பதும் இதைத்தான்) என்கிற கறுப்புத் திரைக்குள் போனால், அதிலும் விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் டெர்மினலாக இருந்தால், இந்த ஐந்து சாவியும் வேறு வேறு வேலை செய்யும்.

கன்ட்ரோல்-சி அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை அந்த இடத்திலேயே நின்றுபோகும். பெரிய ஃபோல்டர் ஒன்று அரை மணி நேரமாகக் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது, திரையில் வந்த ஒரு வரியை எடுத்து நண்பனுக்கு அனுப்பலாம் என்று அதை மவுஸால் செலக்ட் செய்து கன்ட்ரோல்-சி அடித்தால் அரை மணி நேர வேலை போச்சு. டெர்மினலில் காப்பி எடுக்க கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து சி அடிக்க வேண்டும், பேஸ்ட்டுக்கும் அதே மாதிரி வி. கன்ட்ரோல்-இசட் எதையும் ரத்து செய்யாது, ஓடும் புரோகிராமைத் தூங்கப் போட்டுவிடும். ‘ஸ்டாப்டு’ என்று ஒரு வரி வரும், புரோகிராம் மூடிவிட்டது என்று நினைத்துப் பையன்கள் மறுபடி முதலிலிருந்து திறப்பார்கள். எஃப்ஜி என்று இரண்டே எழுத்து அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலேயே எழுந்து வரும். கன்ட்ரோல்-ஏ கர்சரை வரியின் ஆரம்பத்துக்குக் கொண்டு போகும். கன்ட்ரோல்-வி அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், அடுத்து அடிக்கும் சாவியை அப்படியே குறியாகப் போடுவதற்காக அது காத்திருக்கிறது.

இதில் ரொம்பத் தொந்தரவு கன்ட்ரோல்-எஸ். வேர்டில் நாலு வரிக்கு ஒரு தரம் சேவ் அடித்துப் பழகிய கை டெர்மினலிலும் அதை அடித்துவிடும். உடனே திரை உறைந்துபோகும். என்ன டைப் செய்தாலும் ஒரு எழுத்து வராது. ஹேங் ஆகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். ஹேங்கும் இல்லை ஒன்றும் இல்லை, கன்ட்ரோல்-க்யூ அடித்தால் சரியாகிவிடும், அதுவரை குருட்டாம்போக்கில் அடித்த எழுத்தெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். கணினியோடு டெலிடைப் என்கிற தட்டச்சு இயந்திரத்தைக் கோத்து வேலை பார்த்த காலத்தில், வேகமாக வரும் எழுத்துகளை ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்ல ஒரு குறியும் ‘சரி, அனுப்பு’ என்று சொல்ல ஒரு குறியும் இருந்தன. அந்த ஏற்பாடு இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் எஸ்டிடிஒய் என்கிற கட்டளையில் அதை நிறுத்திவிடலாம்.

ஏன் இந்தக் குழப்பம் என்றால், டெர்மினல் சாவிகள்தான் மூத்தவை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து 1963-ல் வந்த ஆஸ்கி எழுத்துப் பட்டியலிலேயே முதல் 32 இடங்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சி அடித்தால் 3-ஆம் எண், டி அடித்தால் 4-ஆம் எண், எம் அடித்தால் 13, அதாவது என்டர் சாவி அனுப்பும் அதே எண். சந்தேகம் இருந்தால் டெர்மினலில் ஏதாவது டைப் செய்துவிட்டு என்டருக்குப் பதில் கன்ட்ரோல்-எம் அடித்துப் பாருங்கள், வரி ஓடும். கன்ட்ரோல்-ஐ அடித்தால் டேப். காப்பி, பேஸ்ட் எல்லாம் பின்னால் வந்தவை. லாரி டெஸ்லர் முதலானவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் உருவாக்கி, ஆப்பிள் வழியாகப் பரவியவை. ஆப்பிள்காரர்கள் அதற்குக் கமாண்ட் என்று தனிச் சாவி வைத்துக்கொண்டதால் மேக்கில் இந்தச் சண்டையே இல்லை, கமாண்ட்-சி காப்பி, கன்ட்ரோல்-சி நிறுத்தம். விண்டோஸ் கன்ட்ரோலையே எடுத்துக்கொண்டதால் ஒரே சாவிக்கு இரண்டு எஜமானர்கள். விண்டோஸ் 10 முதல் வந்த கமாண்ட் திரைகளில் ஒரு சமரசம் செய்திருக்கிறார்கள்: எழுத்து செலக்ட் ஆகியிருந்தால் கன்ட்ரோல்-சி காப்பி எடுக்கும், இல்லையென்றால் வேலையை நிறுத்தும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதில் பழகியவன் லினக்ஸுக்குப் போனால் அடி நிச்சயம்.

சரி, நான் எழுத வந்தது திருத்தம் சொல்வதற்காக மட்டும் இல்லை. கமாண்ட் லைன் என்றாலே நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், மெதுவான வேலை என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஒரு எழுத்து தப்பானால் மொத்த வரியையும் பேக்ஸ்பேஸில் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் யாருக்கும்தான் வெறுத்துப் போகும்.

பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் சி++ புரோகிராமைப் பைதான் வழியாக ஓட்டும் பாடம் ஒன்று இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பைதான் என்று அடித்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டரும் பெயரும் அடித்து, ஒரு சிறு கோடும் ஐ-யும் போட்டு, அப்புறம் சி++ ஃபைலின் பெயரையும் அடிக்க வேண்டும். நீளமான வரி. மேலே சொன்ன பையன் அதை அடிப்பதைப் பார்த்தேன். ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்று வந்தது. மறுபடி மொத்தத்தையும் அடித்தான், இந்தத் தடவை சிறு கோடு விட்டுப்போனது. மேல் அம்புச் சாவியை ஒரு தரம் தட்டினால் போன வரி அப்படியே திரும்ப வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஹோம் அடித்தால் ஆரம்பம், எண்ட் அடித்தால் கடைசி, கன்ட்ரோலோடு அம்புச் சாவி அடித்தால் வார்த்தை வார்த்தையாகத் தாவும், எஸ்கேப் அடித்தால் வரி மொத்தமும் காலி. ஃபோல்டர் பெயரை முழுதாக அடிக்கவே வேண்டாம், முதல் இரண்டு மூன்று எழுத்து அடித்து டேப் தட்டினால் மீதியைத் தானே நிரப்பும், எழுத்துப்பிழைக்கே இடமில்லை. எஃப்7 அடித்தால் இதுவரை அடித்த கட்டளைகள் ஒரு சின்னப் பெட்டியில் வரிசையாக வரும். பை என்று ஆரம்பித்து எஃப்8 அடித்தால் பை என்று தொடங்கும் பழைய வரிகள் ஒவ்வொன்றாக வரும். இதெல்லாம் விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்டிலேயே இருப்பவை, எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பையன் எஃப்7 பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது ஏன் சார் புக்ல இல்ல?” என்றான். நான் என்ன பதில் சொல்ல?

லினக்ஸ் பக்கம் வந்தால் சாவிகள் இன்னும் நிறைய. எல்லாவற்றையும் அடுக்கினால் உங்கள் பட்டியல் மாதிரியே ஆகிவிடும், அதனால் நான் தினமும் கை வைப்பதை மட்டும் சொல்கிறேன். நான் இருப்பது பாபநாசம் பக்கம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குச் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே. சர்வர் எங்கோ இருக்கிறது. இங்கே அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய்த் திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். ஐப்பசி மழையில் லைன் தொங்கும்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்போம், அப்போது இடது அம்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு வரியின் ஆரம்பத்துக்குப் போகப் பாருங்கள். கர்சர் நகராது. இன்னும் அழுத்துவோம். திடீரென்று அத்தனை அழுத்தலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்து, கர்சர் நினைத்த இடத்தைத் தாண்டி எங்கேயோ நிற்கும். கன்ட்ரோல்-ஏ என்றால் ஒரே ஒரு தட்டல், லைன் எவ்வளவு மந்தமாக இருந்தாலும் போய் நிற்கும் இடம் எனக்கு முன்கூட்டியே தெரியும். கடைசிக்கு கன்ட்ரோல்-ஈ. நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று சொல்ல கட்டளைக்கு முன்னால் போடும் சூடோ என்ற சொல்லை மறந்து ‘பர்மிஷன் டினைடு’ என்று வந்தால் மேல் அம்பு, கன்ட்ரோல்-ஏ, சூடோ, ஒரு ஸ்பேஸ், என்டர். அல்லது சூடோ என்று அடித்து ஒரு ஸ்பேஸ் விட்டு இரண்டு ஆச்சரியக்குறி போட்டாலும் போன கட்டளை அந்த இடத்தில் வந்து உட்காரும்.

கன்ட்ரோல்-யூ கர்சருக்கு இடது பக்கம் இருப்பதை வெட்டும், கன்ட்ரோல்-கே வலது பக்கம் இருப்பதை வெட்டும், கன்ட்ரோல்-டபிள்யூ ஒரு வார்த்தையை வெட்டும். வெட்டியது எங்கும் போய்விடாது, கன்ட்ரோல்-ஒய் அடித்தால் திரும்ப வரும். பாதி வரி அடித்த பிறகு ‘ஐயோ, முதலில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கவில்லையே’ என்று தோன்றினால் கன்ட்ரோல்-யூ, பார்த்துவிட்டு வந்து கன்ட்ரோல்-ஒய். பாஸ்வேர்டு அடிக்கும் இடத்திலும் கன்ட்ரோல்-யூ வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே பெரும்பாலும் எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது, நடுவில் கை தவறினால் எத்தனை பேக்ஸ்பேஸ் அடிப்பது? கன்ட்ரோல்-யூ அடித்துவிட்டு முதலிலிருந்து அடியுங்கள். ஒரே எச்சரிக்கை, பிரவுசருக்குள் திறக்கும் டெர்மினலில் கன்ட்ரோல்-டபிள்யூ வேண்டவே வேண்டாம், வார்த்தைக்குப் பதிலாக டேபே மூடிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்றுதான் கற்றுக்கொள்வேன் என்று யாராவது அடம்பிடித்தால் நான் கைகாட்டுவது கன்ட்ரோல்-ஆர். அதை அடித்துவிட்டு, முன்பு எப்போதோ ஓட்டிய கட்டளையில் ஞாபகம் இருக்கும் நாலு எழுத்தை அடித்தால் போதும், முழு வரியும் வந்து நிற்கும். அது இல்லை, அதற்கும் பழையது வேண்டும் என்றால் திரும்பவும் கன்ட்ரோல்-ஆர். வேண்டாம் என்றால் கன்ட்ரோல்-ஜி. விண்டோஸின் இன்னொரு கமாண்ட் திரையான பவர்ஷெல்லிலும் இது உண்டு. மேல் அம்புச் சாவியை முப்பது நாற்பது தடவை தட்டித் தேடுபவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். ஆனால் வந்த வரியைப் படிக்காமல் என்டர் தட்டக் கூடாது. ஃபைலை அழிக்கும் பழைய கட்டளை ஒன்று அதே நாலு எழுத்தோடு காத்திருக்கலாம், சர்வருக்கு நம் அவசரமெல்லாம் தெரியாது. இன்னொன்று, இந்தப் பழைய வரிகள் எல்லாம் ஒரு ஃபைலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பள்ளி லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ கட்டளையோடு சேர்த்துப் பாஸ்வேர்டை அடித்தால் அடுத்து உட்காருபவர் கன்ட்ரோல்-ஆரில் அதை எடுத்துவிடலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் வரியின் ஆரம்பத்தில் ஒரு ஸ்பேஸ் விட்டு அடித்தால் அது அந்த ஃபைலில் பதியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு தடவை விரலில் ஏறிவிட்டால் பல இடத்தில் கைகொடுக்கும். டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். பேஷ் என்கிற ஷெல்லை 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்டார், வரியைத் திருத்தும் பகுதியை ரீட்லைன் என்று தனி நூலகமாகவும் எழுதி வைத்தார். அதையோ அதே மாதிரி ஒன்றையோ பைதானும், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் புரோகிராம்களும் எடுத்துக்கொண்டதால், அங்கே போனாலும் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-ஆர் எல்லாம் அதே வேலை செய்கின்றன. மேக்கில் சாதாரணமாக மெயில் எழுதும் பெட்டியிலேயே கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-ஈ வேலை செய்யும். சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, மேக்கில் 2019-லிருந்து வழக்கமாக வரும் இசட்-ஷெல் என்கிற ஷெல்லில் கன்ட்ரோல்-யூ பாதியை அல்ல, முழு வரியையும் வெட்டும். அது ஒரு நாளில் பழகிவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கும் இது உதவும். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தோடு சரியாக ஒட்டாது, கர்சர் ஓர் இடத்தில் இருப்பது போலத் தெரியும், உண்மையில் இருப்பது வேறிடம், அம்புச் சாவியை நம்பித் திருத்தினால் தப்பான எழுத்துதான் அழியும். கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-யூ, டேப் இவற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மாயவரம் எங்கே போனாலும் ஒரு மாடிப்படியோரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டு தொங்கும். குரூப் 4-ல் தட்டச்சர் வேலைக்கு வேண்டும் என்று இன்றைக்கும் பிள்ளைகள் லோயரும் ஹையரும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த விரல்களைப் பாருங்கள், கீபோர்டைக் குனிந்தே பார்க்காது, நடு வரிசையை விட்டு எழும்பாது. அதே பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வலது கை மவுஸுக்குப் போகிறது, திரும்பி வருகிறது, விரல் இடம் மாறி அடுத்த வார்த்தையும் தப்பாகிறது. நடு வரிசையை விட்டுக் கை எழும்ப வேண்டாம் என்பதுதான் இந்த டெர்மினல் சாவிகளின் பலனே. அவற்றை எளிதாகப் பிடிக்கக்கூடிய ஆட்கள் இந்த இன்ஸ்டிடியூட்களில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. பி.ஈ. படித்துவிட்டு இரண்டு விரலால் அடிப்பவனுக்கு லினக்ஸ் கோர்ஸ் கிடைக்கிறது. தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்காவே திறந்தாயிற்று, அங்கே போய் வேலை கேட்கும்போது கறுப்புத் திரையில் தடுமாறாமல் அடிக்கிற பெண்ணை யாரும் கவனிக்காமல் விட மாட்டார்கள்.

இவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் சொல்ல வேண்டும். தட்டச்சு இயந்திரத்தில் ஏ-க்கு இடது பக்கம் ஷிஃப்ட் லாக் இருக்கும், அதன் வாரிசாகத்தான் கீபோர்டில் அதே இடத்தில் கேப்ஸ் லாக் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 1970-களில் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்காரர்கள் உபயோகித்த ஏடிஎம்-3ஏ (பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை) போன்ற டெர்மினல்களில் அந்த இடத்தில் இருந்தது கன்ட்ரோல். அதனால்தான் அந்தக் காலத்தவர்களுக்கு இந்தச் சாவிகள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தன, நமக்கோ சுண்டுவிரல் மூலைக்குப் போய் வலிக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்ளலாம். சொந்தக் கம்ப்யூட்டராக இருந்தால் மாற்றிவிடுங்கள். லேபில் மாற்றினால் அடுத்து வருபவர் திட்டுவார்.

கரண்ட் போவதும் லைன் அறுவதும் நமக்குப் புதிதில்லை என்பதால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்துச் சர்வரில் வேலை பார்ப்பவர்கள் ஸ்கிரீன், டீமக்ஸ் என்கிற இரண்டு புரோகிராம்களில் ஒன்றுக்குள் உட்கார்ந்து வேலை பாருங்கள், இங்கே லைன் போனாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஸ்கிரீன் கன்ட்ரோல்-ஏ-வைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், அதற்குள் வரியின் ஆரம்பத்துக்குப் போக கன்ட்ரோல்-ஏ அடித்து இன்னொரு ஏ தட்ட வேண்டும், அந்தக் கடுப்பிலேயே நான் டீமக்ஸுக்கு மாறிவிட்டேன். லைன் போய் எஸ்எஸ்ஹெச் திரை, அதாவது தூரத்துச் சர்வரோடு இணைக்கும் திரை, செத்துக் கிடந்தால் ஜன்னலை மூட வேண்டாம், என்டர், அப்புறம் டில்டே என்கிற அலைக்கோடு, அப்புறம் புள்ளி, மூன்றையும் வரிசையாக அடித்தால் இணைப்பு துண்டித்து நம் திரை நம் கைக்கு வரும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை ஷார்ட்கட் பட்டியல் போட்டால் டெர்மினலுக்கு என்று தனிக் கட்டம் ஒன்று ஒதுக்குங்கள், பழைய கட்டத்தின் மேல் ‘வேர்டு, பிரவுசருக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். இடம் இல்லை என்றால் டேப், கன்ட்ரோல்-ஆர், கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-க்யூ இந்த நான்கைப் போட்டாலே போதும். எங்கள் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்பினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் லேப்டாப்போடு வந்து செய்தே காட்டுகிறேன், காசு வேண்டாம், கரண்ட் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்